ஆளில்லாத பற்றுச்சீட்டு

மார்கழியில் எங்கள் கடல் தொழிலுக்கு இடம் கொடுக்காது. வாடை எழும்பிவிட்டால் திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து வைத்துவிடுவார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மீன் விற்ற காசில் சங்கம் கழித்துச் சேமித்துவைத்த பணத்தை எடுத்துத்தான் அந்த இரண்டு மூன்று மாதமும் அடுப்பெரியும். அதனால் கடற்றொழிலாளர் சங்கங்களில் சேமிப்பை மீளப் பெற வருகிறவர்களின் வரிசை மார்கழியில்தான் நீளம்.

போன மார்கழியில், நான் மென்பொருள் பராமரிக்கும் சங்கமொன்றுக்கு மூதூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் ஐப்பசியில் தவறிவிட்டார். பொலித்தீன் பையொன்றில் இறப்புச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை, ஏழு பற்றுச்சீட்டுகள். ஏழிலும் அங்கத்துவ இலக்கம், தொகை, திகதி, சங்கத்தின் முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. கவுண்டரில் இருந்த அக்கா அந்த இலக்கத்தை அடித்துப் பார்த்தார். அப்படி ஓர் அங்கத்தவர் இல்லை என்றது திரை. கணவரின் பெயரில் தேடியபோது வேறோர் இலக்கம் வந்தது. அதில் பழைய சேமிப்பு இருந்தது. இந்த ஏழு சீட்டுக்கும் உரிய 14,350 ரூபா இல்லை.

"அம்மா, இந்த நம்பர் எங்கட கொம்பியூட்டரில இல்லையே."

"பிள்ளை, காசு கட்டின துண்டு என்ர கையில இருக்கு. அப்ப காசு எங்க போனது?"

நான் பின்னறையில் பிரிண்டர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. அது என்னிடம் கேட்கவேண்டிய கேள்வி.

பணம் எங்கும் போகவில்லை. டேட்டாபேஸை (தரவுத்தளத்தை) திறந்து சேமிப்பு டேபிளில் (அட்டவணையில்) நேரடியாகத் தேடினேன். ஏழு வரிகளும் அங்கேயே இருந்தன, தொகை சரி, திகதி சரி. ஆனால் அவை சுட்டிய அங்கத்துவ இலக்கத்துக்கு அங்கத்தவர் டேபிளில் ஆள் இல்லை. எங்கள் திரைகளும் அறிக்கைகளும் இரண்டு டேபிளையும் பொருத்தித்தான் காட்டும். பொருந்தாத வரி சத்தமில்லாமல் விழுந்துவிடும். நாள்வாரிக் கூட்டுத்தொகைக்கும் அங்கத்தவர்வாரிக் கூட்டுத்தொகைக்கும் இடையில் வித்தியாசம் வருகிறது என்று பொருளாளர் ஐயா இரண்டு முறை சொல்லியிருந்தார். பதிவு நேர வித்தியாசமாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். அந்த வித்தியாசத்துக்குள் ஓர் குடும்பத்தின் மார்கழிச் செலவு இருந்தது.

அப்பா முன்பு ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் லிகிதராக இருந்தார். அவருடைய நாளேட்டில் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சிறிதாக ஓர் இலக்கம் இருக்கும்: அந்தப் பற்றோ வரவோ பேரேட்டின் எந்தப் பக்கத்துக்குப் போயிற்று என்பதைச் சொல்லும் பக்க இலக்கம். அது எழுதப்படாத வரி முடியாத வரி. கணக்கு மூடிப்போனாலும் பேரேட்டில் பக்கத்தைக் கிழிக்க விடமாட்டார். குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, கீழே ஒப்பம் வைப்பார். ஏ.எல். வகுப்பில் தரவுத்தளப் பாடத்தில் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்று படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்தப் பக்க இலக்கம்தான். அங்கத்தவரின் இலக்கம் முதன்மைச் சாவி. சேமிப்பு வரியில் எழுதியிருக்கும் அதே இலக்கம் அந்நியச் சாவி, இன்னொரு டேபிளுக்குச் சொந்தமான சாவி. அங்கே இல்லாத இலக்கத்தை இங்கே எழுதக்கூடாது. இங்கே எழுதப்பட்டிருக்கும்வரை அங்கே அழிக்கக்கூடாது. தொடர்பு முழுமை என்று பாடப்புத்தகம் சொல்லுவது இந்த இரண்டு கட்டுப்பாட்டையும்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திலிருந்து எட்கர் கொட், இவ்வகைத் தரவுத்தளங்களுக்கு அடிப்படையாக, 1970-இல் எழுதிய கட்டுரையிலேயே அந்நியச் சாவி என்ற சொல்லும் எண்ணமும் இருக்கின்றன.

எங்கள் டேட்டாபேஸிலும் இந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்தது. ஆனால் ஃபாரின் கீயாக (அந்நியச் சாவியாக) இல்லை, ட்ரிகர்களாக, அதாவது ஒரு வரி சேரும்போதோ அழியும்போதோ தானே ஓடும்படி நாம் எழுதிவைக்கும் சிறு கட்டளைத் தொகுதிகளாக, இருந்தது. ஏன் அப்படி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் முதலில் எழுதியவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

2008 அளவில் இந்த மென்பொருளை முதலில் எழுதியவர் இப்போது வெளிநாட்டில். அவர் பாவித்தது மை எஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அந்தக் காலத்தில் அதில் டேபிள் ஒன்றை உருவாக்கினால், வேறு சொல்லாதவரை, மை ஐசாம் வகையில்தான் உருவாகும். மை ஐசாமுக்கு ஃபாரின் கீ தெரியாது. தெரியாது என்று சொன்னாலாவது பரவாயில்லை. நீங்கள் எழுதிய ஃபாரின் கீ வரியை வாசித்து, பிழை எதுவும் காட்டாமல், ஓரமாகப் போட்டுவிடும். ஃபாரின் கீ தெரிந்த இன்னோடிபி இயல்பான வகையாக மாறியது 2010-இல், 5.5 பதிப்பில். ட்ரிகர் வசதி அதற்கு முன்பே 5.0-இல் வந்துவிட்டது. ஆகவே அக்கறையுள்ள ஒருவர் அன்று செய்யக்கூடியதை அவர் செய்தார். சேமிப்பு வரி ஒன்று சேரும்போது, அந்த அங்கத்தவர் இருக்கிறாரா என்று பார்க்கும் ட்ரிகர் ஒன்று. அங்கத்தவரை அழிக்கும்போது, அவருடைய பெயரில் சேமிப்பு உண்டா என்று பார்க்கும் ட்ரிகர் இன்னொன்று. பிழையென்றால் வேலையை மறிக்க முறையான வழிகூட அன்று இல்லை; அதற்கான சிக்னல் கட்டளை 5.5-இல்தான் வந்தது. இல்லாத ஒரு புரசீஜரை வேண்டுமென்றே அழைத்து, அதனால் வரும் பிழையைக்கொண்டு மறித்திருந்தார். அந்த ட்ரிகரின் கோட் வரிகளை வாசித்தால் அவர் பட்ட பாடு தெரியும்.

2017-இல் நான் அதை போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றினேன். ட்ரிகர்களை ஒவ்வொன்றாக புதிய மொழியில் எழுதிக்கொண்டுவந்தேன். பத்து வருடமாக வேலை செய்கிறதுதானே என்ற எண்ணம். பிழை நடந்த இடம் அதுதான், செய்தவன் நான்.

அந்த ஏழு வரிகளுக்கு வருகிறேன். 2016-இலிருந்து புதிய அடையாள அட்டைகள் 12 இலக்கத்தோடு வருகின்றன. பழையது 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும். மனிதனுக்கு இரண்டும் ஒரே ஆள். எங்கள் மென்பொருளுக்கு இரண்டு ஆள். அந்த அம்மாவின் கணவர் புது அட்டை எடுத்தபின் மூதூர்க் கிளையில் அங்கத்துவத்தைப் புதுப்பித்தார். அங்கே புது இலக்கத்தை அடித்தார்கள். கணினி அவரைப் புது அங்கத்தவராகப் பதிந்து, புது அங்கத்துவ இலக்கமும் கொடுத்தது. அந்த மாதம் அவர் மீன் கொடுத்த ஏழு நாளும் சேமிப்பு புது இலக்கத்தில் விழுந்தது. மாத முடிவில் கிளை தன்னுடைய சேமிப்புப் பதிவுகளை ஒரே தொகுதியாகத் திருகோணமலை டவுன் சேர்வருக்கு ஏற்றும்.

அதே நாள் டவுனில், ஒரே பெயரில் இரண்டு இலக்கம் உள்ளவர்களின் பட்டியலை வைத்துத் துப்புரவு நடந்துகொண்டிருந்தது. புதிய இலக்கத்தில் ஒரு சதமும் இல்லை என்று திரை காட்டியது. அழித்தார்கள். ட்ரிகர் பார்த்தது, சேமிப்பு இல்லை என்று கண்டது, விட்டுவிட்டது. மாற்றப் பதிவேட்டின்படி அழித்த நேரம் காலை 10:42. மூதூரிலிருந்து தொகுதி ஏறத் தொடங்கியது 10:41. மழைக்காலத்து லைனில் அது முடிய 10:43 ஆகிவிட்டது.

அன்றிரவு உவர்மலையில் வீட்டு மேசையில் இரண்டு கறுப்புத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அதை மறுபடி நடத்திப் பார்த்தேன். இடது திரை மூதூர், வலது திரை டவுன். இடதில் ட்ரான்ஸாக்ஷன் ஒன்றை, அதாவது முழுவதும் நடக்கவேண்டிய அல்லது எதுவுமே நடக்கக்கூடாத வேலைத் தொகுதி ஒன்றை, தொடங்கி ஒரு சேமிப்பு வரியைச் சேர்த்தேன். ட்ரிகர் ஓடியது, அங்கத்தவர் இருக்கிறார், சரி என்றது. இன்னும் கமிட் செய்யவில்லை, அதாவது முடிவாகப் பதியவில்லை. வலதில் அந்த அங்கத்தவரை அழித்தேன். ட்ரிகர் ஓடியது, சேமிப்பு எதுவும் இல்லை, சரி என்றது. இடதில் கமிட் செய்யாத வரி வலதின் கண்ணுக்குத் தெரியாது. அது பிழையில்லை, ட்ரான்ஸாக்ஷன் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே அதுதான். வலதில் கமிட். பிறகு இடதில் கமிட். இரண்டும் வெற்றி. ஆளில்லாத வரி ஒன்று என் முன்னாலேயே பிறந்தது. ஐந்து நிமிட வேலை. இதை 2017-இல் ஒருநாள் உட்கார்ந்து செய்து பார்த்திருக்கலாம்.

கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் நின்றால் இரவில் மூதூர் வெளிச்சம் தெரியும், அங்கே நின்றால் இங்கே தெரியும். எங்கள் ட்ரிகர்களுக்கு அந்த அளவு பார்வைகூட இல்லை. இரண்டு கரையிலும் இரண்டு பேர் தங்கள் தங்கள் ஏட்டை மட்டும் பார்த்துச் சரி என்று கையெழுத்து வைத்தார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை.

பழைய மை ஐசாமில் இது ஏன் பத்து வருடம் நடக்கவில்லை என்பதுதான் என்னை நெடுநேரம் தூங்கவிடாத கேள்வி. விடை கிடைத்தபோது உடம்பு சிலிர்த்தது. மை ஐசாமில் பூட்டு டேபிள் முழுவதற்கும் விழும். ட்ரிகர் உள்ள டேபிளில் ஒரு கட்டளை ஓடினால், அந்த ட்ரிகர் வாசிக்கிற டேபிள்களையும் மை எஸ்கியூஎல் கட்டளை தொடங்குமுன்பே சேர்த்துப் பூட்டிவிடும். சேமிப்பு வரி ஏறும்போது அங்கத்தவர் டேபிளை வாசிக்கலாம், யாரும் மாற்ற முடியாது. அங்கத்தவரை அழிக்கும்போது சேமிப்பில் எதுவும் ஏறாது. ஒருவர் முடித்த பின்தான் மற்றவர். அத்தோடு மை ஐசாமில் ட்ரான்ஸாக்ஷனே கிடையாது, ஆகவே கமிட்டுக்காகக் காத்திருக்கும் வரி என்று ஒன்றும் இல்லை. ட்ரிகரைக் காப்பாற்றியது ட்ரிகரின் கோட் இல்லை, அதற்குக் கீழே இருந்த அந்த முரட்டுப் பூட்டு. நான் கோட் மட்டும் கொண்டுவந்தேன். பூட்டைக் கொண்டுவரவில்லை. அது இருந்ததே எனக்குத் தெரியாது.

ஃபாரின் கீ இதை எப்படிச் செய்கிறது என்று பார்க்கப் போனால் முதலில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. போஸ்ட்கிரஸில் ஃபாரின் கீயும் உள்ளே ட்ரிகர்தான். ஃபாரின் கீ ஒன்றைப் போட்டுவிட்டு ட்ரிகர்களின் உள்பட்டியலைப் பாருங்கள். நீங்கள் எழுதாத நான்கு ட்ரிகர்கள் இருக்கும், சேமிப்புப் பக்கம் இரண்டு, அங்கத்தவர் பக்கம் இரண்டு. ஆகவே "ட்ரிகரா ஃபாரின் கீயா" என்று கேட்பது, இந்த ஒரு டேட்டாபேஸைப் பொறுத்தவரை, நாமே எழுதிய ட்ரிகரா, டேட்டாபேஸின் எஞ்சின் தானே எழுதிய ட்ரிகரா என்று கேட்பதுதான். எஞ்சின் எழுதியதில் நம்மால் எழுத முடியாத ஒரு துண்டு இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சேமிப்பு வரி ஏறும்போது அது அங்கத்தவரின் வரியை வெறுமனே வாசிப்பதில்லை. "ஃபார் கீ ஷேர்" என்ற பூட்டோடு வாசிக்கிறது. அந்தப் பூட்டு ட்ரான்ஸாக்ஷன் முடியும்வரை இருக்கும். அங்கத்தவரின் தொலைபேசி இலக்கத்தையோ விலாசத்தையோ மற்றவர்கள் மாற்றலாம், தடையில்லை. அவரை அழிக்கவோ அவருடைய சாவி இலக்கத்தை மாற்றவோ முடியாது, காத்திருக்கவேண்டும். இந்த மென்மையான பூட்டு 9.3 பதிப்பில், 2013-இல் வந்தது. அதற்கு முன் கொஞ்சம் கடுமையான பூட்டு, விலாசம் மாற்றுகிறவரும் காத்திருக்க வேண்டியிருந்தது. மூதூரின் தொகுதி ஏறிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடமும் ஃபாரின் கீ இருந்திருந்தால், டவுனில் அழிக்கும் பொத்தானை அழுத்தியவரின் திரை கொஞ்சம் நின்றிருக்கும். பிறகு "இவருடைய பெயரில் சேமிப்பு உண்டு" என்று மறுத்திருக்கும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சரி, அந்தப் பூட்டை நாமே நம்முடைய ட்ரிகரில் எழுதினால் என்ன? எழுதலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஒரே ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் என் இரண்டு திரைச் சோதனை சரியாக வந்தது. பிறகு, ட்ரான்ஸாக்ஷன்களை "ரிப்பீட்டபிள் ரீட்" மட்டத்தில் தொடங்கி மறுபடி செய்து பார்த்தேன். மாத முடிவு அறிக்கைகளுக்காக அந்த மட்டத்தை நாங்கள் சில இடங்களில் பாவிக்கிறோம். அந்த மட்டத்தில் ஒரு ட்ரான்ஸாக்ஷன் தன் முதல் வாசிப்பில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையே, அந்தக் கணத்துப் படத்தையே, முடிவுவரை பார்க்கும். அழிக்கிறவர் பூட்டுக்காகக் காத்திருக்கிறார், மூதூர் கமிட் செய்கிறது, பூட்டு திறக்கிறது, அவருடைய ட்ரிகர் சேமிப்பைத் தேடுகிறது, ஆனால் பழைய ஸ்னாப்ஷாட்டில். அதில் அந்த வரி இல்லை. அழித்துவிட்டது. மறுபடி ஆளில்லாத வரி.

எஞ்சினின் சொந்த ட்ரிகர் இந்த இடத்தில் தன் ட்ரான்ஸாக்ஷனின் ஸ்னாப்ஷாட்டைத் தாண்டி, இந்தக் கணத்தில் உண்மையில் கமிட் ஆகியிருப்பதைப் பார்க்கிறது. தனக்குத் தெரியாத வரி ஒன்று அங்கே முளைத்திருந்தால் பிழை சொல்லி நிறுத்துகிறது. அப்படிப் பார்க்கும் வழி நாம் எழுதும் ட்ரிகருக்குத் திறந்துவிடப்படவில்லை. 9.1-இலிருந்து முழு வடிவில் உள்ள, மிகக் கடுமையான "சீரியலைசபிள்" மட்டத்துக்கு எல்லா வேலையையும் மாற்றினால் நம் ட்ரிகரும் காப்பாற்றப்படும். ஆனால் அப்போது எந்தக் கட்டளையும் எப்போது வேண்டுமானாலும் "மறுபடி முயற்சி செய்" என்று திரும்பி வரலாம். அதற்கு எங்கள் மென்பொருள் முழுவதையும் திருத்தி எழுதவேண்டும். ஃபாரின் கீ என்றால் எழுதவேண்டியது ஒரே ஒரு வரி.

ஒரே தொடர்புக்கு நான்கு வாசல் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். சேமிப்பு வரி சேர்வது, சேமிப்பு வரியின் இலக்கம் மாறுவது, அங்கத்தவர் அழிவது, அங்கத்தவரின் இலக்கம் மாறுவது. எங்களிடம் பதினான்கு தொடர்புகள் இருந்தன, ஆகவே ஐம்பத்தாறு வாசல். ஒரு சனிக்கிழமை முழுவதும் ட்ரிகர்களை அச்செடுத்துத் தரையில் பரப்பி எண்ணினேன். பதினொரு வாசல் திறந்தே கிடந்தது. பெரும்பாலும் நான்காவது வாசல், அங்கத்தவர் இலக்கம் மாறும்போது. இலக்கத்தை யார் மாற்றப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு கிளைகளை இணைத்த வருடத்தில் மாற்றினார்கள்.

இன்னொன்று, ட்ரிகர் தான் பிறந்த நாளுக்கு முன்னால் நடந்ததைப் பார்ப்பதில்லை. புதிதாக ஒரு ட்ரிகரைப் போட்டால் அது இனி வருவதை மறிக்கும். ஏற்கனவே உள்ளே கிடக்கும் ஆளில்லாத வரிகள் அப்படியே கிடக்கும். ஃபாரின் கீயைப் போடும்போது இருக்கிற ஒவ்வொரு வரியையும் சோதித்த பின்தான் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து இந்த டேட்டாபேஸைப் பார்க்கப்போகும் இளையவர் ஒருவருக்கும் இது முக்கியம். டேபிளின் வரைவிலேயே "இது அதைச் சுட்டுகிறது" என்று எழுதியிருக்கும். அறுபது வரி கோட் வாசித்து எழுதியவரின் எண்ணத்தை ஊகிக்கத் தேவையில்லை.

மாற்றிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன், ஏனெனில் இதே நிலையில் இருக்கும் சங்கங்களும் சிறு நிறுவனங்களும் எங்கள் மாவட்டத்திலேயே பல உண்டு என்று எனக்குத் தெரியும். முதலில் ஒவ்வொரு தொடர்புக்கும், ஆளில்லாத வரிகளை எண்ணினேன். மொத்தம் முப்பத்தொன்று. அந்த அம்மாவின் ஏழும் அதற்குள். பிறகு ஃபாரின் கீயை "நாட் வேலிட்" என்ற குறிப்போடு சேர்த்தேன். அப்படிச் சேர்த்தால் பழைய வரிகளை எஞ்சின் உடனே சோதிக்காது, ஆனால் அந்தக் கணத்திலிருந்து புதிதாக வரும் ஒவ்வொன்றும் கட்டுப்படும். வேலை நாளிலேயே செய்யலாம், டேபிள் ஒரு நொடிதான் பூட்டப்படும். ஓட்டை அடைபட்ட பின் ஆறுதலாகப் பழையதைத் துப்புரவு செய்து, கடைசியில் "வேலிடேட்" கட்டளையைக் கொடுக்கலாம். அது டேபிள் முழுவதையும் வாசிக்கும். வாசிக்கும் நேரத்திலும் கவுண்டரில் பற்றுச்சீட்டு அடிக்கலாம்.

இதில் மறக்கக்கூடாதது ஒன்று. சேமிப்பு டேபிளில் அங்கத்துவ இலக்கத்துக்கு இன்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் சுட்டி, போடுங்கள். இன்னோடிபி அதைத் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் போடாது. இல்லாவிட்டால் ஓர் அங்கத்தவரை அழிக்கும் ஒவ்வொரு முறையும் சேமிப்பு டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். ஃபாரின் கீ மெதுவானது என்று குறை சொல்லுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த இன்டெக்ஸ் இருக்கிறதா என்றுதான்.

ஒரு வரியை அழித்தால் அதைச் சுட்டும் பிள்ளை வரிகளையும் சேர்த்து அழிக்கும் "கேஸ்கேட்" ஏற்பாட்டைப் பணம் உள்ள எந்த டேபிளிலும் நான் வைக்கவில்லை. அந்த அம்மாவின் கதையில் கேஸ்கேட் இருந்திருந்தால் ஆளில்லாத வரிகூட மிஞ்சியிருக்காது. நாங்கள் தேடிக் கண்டுபிடிக்க எதுவும் இருந்திருக்காது. அங்கத்தவரை அழிக்கும் பொத்தானையே இப்போது எடுத்துவிட்டோம். அப்பாவின் சிவப்புக் கோடு போல, "மூடப்பட்டது" என்று ஒரு நிலை மட்டும். இரண்டு இலக்கத்தை ஒன்றாக்கும்போது சேமிப்பு வரிகள் முதலில் இடம் மாறும், பிறகு பழைய இலக்கம் மூடப்படும், இரண்டும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில்.

கிளைகளின் மடிக்கணினிகளில் எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸ் இருக்கிறது. அங்கேயும் ஃபாரின் கீ எழுதியிருந்தேன், மனநிம்மதியோடு. எஸ்கியூலைட் 2009-இலிருந்து ஃபாரின் கீயை அமுல்படுத்தும், ஆனால் ஒவ்வொரு முறை இணையும்போதும் அதை இயக்கச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பழைய மை ஐசாம் போலவே பேசாமல் இருந்துவிடும். நான் சொல்லியிருக்கவில்லை. இதை வாசிக்கிறவர்களில் எஸ்கியூலைட் பாவிக்கிறவர்கள் இந்தப் பந்தியோடு நிறுத்திவிட்டுப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

ட்ரிகர்கள் எல்லாவற்றையும் அழித்துவிடவில்லை. பதினான்கு தொடர்புகளில் பன்னிரண்டு ஃபாரின் கீயாயிற்று. மிஞ்சிய இரண்டில் ஒன்று, வருடிய (ஸ்கேன் செய்த) ஆவணங்கள். ஓர் ஆவணம் அங்கத்தவருக்கு உரியதாக இருக்கலாம், வள்ளத்துக்கோ கடனுக்கோ உரியதாகவும் இருக்கலாம். ஒரே நிரலில் (நெடுக்குப் பத்தியில்) இலக்கம், பக்கத்து நிரலில் எது என்ற பெயர். ஒரு ஃபாரின் கீ ஒரு டேபிளைத்தான் சுட்டும். இதை ட்ரிகரால் காப்பதைவிட டேபிளை மாற்றினேன்: மூன்று தனி நிரல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபாரின் கீ, மூன்றில் சரியாக ஒன்று மட்டும் நிரம்பியிருக்கவேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு. பார்க்க அழகில்லை. ஆனால் பொய் சொல்லாது.

மற்றது உண்மையிலேயே ட்ரிகருக்கு உரியது. ஓர் அங்கத்தவர் ஒரே நேரத்தில் இரண்டு கடனுக்கு மேல் பிணை நிற்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. "இருக்கிறாரா" என்ற கேள்விக்கு ஃபாரின் கீ பதில் சொல்லும், "எத்தனைக்கு நிற்கிறார்" என்பதற்குச் சொல்லாது. எண்ணிப் பார்க்க ட்ரிகர் வேண்டும். அந்த ட்ரிகரிலும் அதே நோய் இருந்தது. குச்சவெளியிலும் மூதூரிலும் ஏற்கனவே ஒரு கடனுக்குப் பிணை நிற்கும் ஒருவருடைய பிணையோடு ஒரே நேரத்தில் இரண்டு கடன் பதிவானால், இரண்டு பக்கமும் ஒன்று என்று எண்ணி, இரண்டும் ஏறி, மூன்றாகிவிடும். இப்போது எண்ணுவதற்கு முன் பிணையாளியின் வரியை அந்த ட்ரிகர் பூட்டுகிறது. இரண்டாவது கடன் காத்திருந்து, முதலாவது முடிந்தபின் எண்ணும். அந்த வேலை ஓடுவது எப்போதும், ஒவ்வொரு கட்டளையும் புது ஸ்னாப்ஷாட் எடுக்கும் "ரீட் கமிட்டட்" மட்டத்தில் என்பதையும் ட்ரிகர் முதல் வரியில் சோதிக்கிறது. இந்த இரண்டையும் சரிபார்க்காமல் எழுதும் எண்ணிக்கை ட்ரிகரை நான் இனி நம்பமாட்டேன், என்னுடையதாக இருந்தாலும்.

யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவேட்டையும் ட்ரிகர்தான் எழுதுகிறது. 10:42 என்ற நேரத்தை எனக்குச் சொன்னது அந்தப் பதிவேடு. அது இல்லாவிட்டால் அழிக்கப்பட்ட அங்கத்தவரின் வரியை மீட்டிருக்கவும் முடியாது. முதலில் எழுதியவர் வைத்துவிட்டுப் போன அந்த ஒரு ட்ரிகருக்காக நான் அவருக்கு வட்ஸ்அப்பில் நன்றி எழுதினேன்.

அம்மாவுக்கு நான்காம் நாள் பணம் கொடுத்தார்கள். அதற்காக அவர் மூதூரிலிருந்து இரண்டாம் முறை பஸ் ஏறி வரவேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் வந்தபின் தரைவழி முன்போல் கஷ்டமில்லை, மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த காலமில்லை. என்றாலும் துக்கவீட்டுக்காரர் ஒருவரை இரண்டாம் முறை வரவைத்தது வரவைத்ததுதான். பொருளாளர் ஐயா பஸ் காசையும் தன் கையால் கொடுத்தார். அம்மா பணத்தை எண்ணவில்லை. ஏழு சீட்டையும் திருப்பிக் கேட்டு வாங்கி அதே பையில் வைத்துக்கொண்டார்.

மிஞ்சிய இருபத்துநான்கு வரிகளையும் தனி டேபிள் ஒன்றுக்கு எடுத்து வைத்து, கிளைகளின் பற்றுச்சீட்டு அடிக்கட்டைப் புத்தகங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். இருபத்திரண்டுக்கு ஆள் கிடைத்தது. மாசியின் இரண்டாம் வாரம் வேலிடேட் கட்டளை பிழையில்லாமல் முடிந்தது. இரண்டு வரிக்கு இன்னும் ஆள் தெரியவில்லை. இரண்டும் குச்சவெளிக் கிளை, ஒரே நாள், 1,200 ரூபாவும் 860 ரூபாவும். அந்த மாதத்து அடிக்கட்டை மழையில் நனைந்து எழுத்து ஊறிப்போயிருக்கிறது. பங்குனியில் வாடிகளுக்கு (மீனவர்களின் கரையோரக் குடில்களுக்கு) ஆட்கள் திரும்பும்போது திகதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொரு வாடியாகக் கேட்கப்போகிறேன். பொருளாளர் ஐயாவும் வருகிறார்.